அமாவாசைக் காக்கை

என் பேரப்பிள்ளைகள் வீட்டுக்குப் பின்னால் பழத்துண்டு வைத்து, வருகிற குருவிகளுக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். ஜப்பான்காரன் காலத்தில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், நானும் தம்பியும் இதே வேலையைத்தான் செய்தோம். எங்களுக்குப் பறவை இரண்டே வகை: தின்பது, தின்னக்கூடாதது.

தம்பி மரவள்ளியையே தின்று கால் வீங்கிக் கிடந்தான். கறி, முட்டை ஏதாவது கொடுக்காவிட்டால் பிள்ளை தங்காது என்று தோட்டத்து மருந்துக்காரர் கையை விரித்துவிட்டார். கறிக்கு எங்கே போவது? பலாப்பாலைப் பிசினாகக் காய்ச்சி ஈர்க்குகளில் தடவி, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நட்டு, நடுவில் கரையானைக் கொட்டி வைப்போம். மைனா சிக்கும், புறா சிக்கும். படுத்தபடியே, சத்தத்தை வைத்துத் தம்பி பெயர் சொல்லிவிடுவான். பிறகு அவையும் வரவில்லை. ஊரே பிசின் வைத்தால் எது மிஞ்சும்?

அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் அங்கேயே செத்துப்போனதாக, தப்பி வந்த ஒருவர் அம்மாவிடம் சொன்னார். தம்பிக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

அமாவாசையன்று அவன் தூங்கும் நேரம் பார்த்து, வாழையிலையில் வெந்த மரவள்ளியை வைத்துக் காக்கையைக் கூப்பிட்டாள். செத்தவர்கள் காக்கையாக வந்து சாப்பிடுவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. வேறு இடமா இல்லை? பாழாய்ப்போன அவசரத்தில் எங்கள் ஈர்க்குகளுக்குப் பக்கத்திலேயே இலையைப் போட்டுவிட்டாள்.

காக்கை ஒன்று வந்து கொத்தித் தின்றது. பறக்க எழும்போது இறக்கை பிசினில் ஒட்டிக்கொண்டது.

விடுவிக்க ஓடினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கழுத்தைத் திருகினாள். இப்போதுதான் கும்பிட்ட கை. அவள்மேல் எனக்கு வந்த வெறுப்பு சொல்லி மாளாது.

தம்பி சட்டியை எட்டிப் பார்த்து, என்ன பறவை என்று கேட்டான். செம்போத்து என்றாள் அம்மா, முகம் மாறாமல். பசியில் அவனும் நம்பினான். அவசர அவசரமாகத் தின்றவன், ஒரு தொடையை மட்டும் ஒதுக்கி வைத்தான்.

"இத அப்பாவுக்கு வைம்மா. சயாம்லேருந்து பசியோட வருவாரு."

அம்மா அந்தத் தொடையை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.

"அப்பா வரமாட்டாருடா. செத்துப்போயிட்டாரு. நீயே தின்னு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. வாயில் இருந்ததை மட்டும் துப்பவில்லை. அழுதுகொண்டே மென்று விழுங்கினான்.