வெள்ளை ஓடிய வாரம்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆட்களின் மூக்கைப் பார்த்தே அன்று என்ன நிறத் துணி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். சிவப்பு ஓடினால் சீந்துவது சிவப்பாக வரும், கறுப்பு ஓடினால் கறுப்பாக வரும். புதிதாக வந்தவர்கள் பயந்துபோவார்கள். நாங்கள் சிரிப்போம். கைக்குட்டை காய்ந்ததும் ஓர் உதறு உதறினால் பஞ்சு உதிர்ந்துவிடும். நம் சளிக்கும் எக்ஸ்போர்ட் தரம்தான் என்று நானே கேலி செய்திருக்கிறேன். எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் செக்கிங் மேசையில் கறுப்பு டி-ஷர்ட்டாக வந்து குவிந்தது. என் இடது மூக்கு அடைத்துக்கொண்டது. கறுப்பாக வந்தது, நடுவே லேசாகச் சிவப்பும். கூடவே ஈரத்துணியைத் தீய்ப்பது போல ஒரு நாற்றம். வீட்டில் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பேன், இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டும் குளிர்ந்து கிடக்கும்.

"உங்களுக்கு நாறுதா?" என்று கணவரிடம் கேட்டேன். அவர் கட்டிங் மாஸ்டர்.

"ஒண்ணும் நாறலையே. பஞ்சுதாம்ட்டி, அடைச்சுக்கிட்டுக் கெடக்கு" என்றார். திருநெல்வேலிப் பக்கத்தை விட்டு வந்து இத்தனை காலமாகியும் அந்த 'ட்டி' மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அடுத்து வெள்ளை ஆர்டர் வந்தது. வாரம் முழுக்க வெள்ளை. எல்லோர் புருவமும் நரைத்ததுபோல் இருந்தது. ஒரு சாயங்காலம் குழாயடியில் மூக்கைச் சீந்திவிட்டு நிமிர்ந்தபோது, சூப்பர்வைசர் பெண் என் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கக்கா, வெள்ளைதானுங்க ஓடுது? உங்களுக்கு மட்டும் ஏனுங்க கறுப்பா வருது?"

"போன லாட்டு மிச்சம்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கைக்குட்டை காய்ந்ததும் உதறினேன். உதிரவில்லை. இன்னொரு முறை உதறினேன். எனக்குப் பயம் வந்துவிட்டது.

மூக்கு டாக்டர் கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டார். பக்கத்தில் திரை. என் முகத்துக்குள் ஈரமாக ஒரு குகை தெரிந்தது. அதன் வளைவில் கறுப்பாக ஏதோ உட்கார்ந்து மினுங்கிக்கொண்டிருந்தது. நான் மூச்சு விட்டால் அது அசைந்தது. மூச்சைப் பிடித்தேன், அதுவும் நின்றது. மறுபடி மூச்சுவிடவே எனக்குத் தைரியம் வரவில்லை.

"பஞ்சு டாக்டர். கறுப்பு ஓடிச்சு" என்றேன் மூக்கால்.

அவர் உறிஞ்சு குழாயால் அதைத் தொட்டார். "பஞ்சா இருந்தா இந்நேரம் வந்திருக்கணுமுங்க" என்றார். திரையில் அதன் ஓரத்திலிருந்து ரத்தம் கசிந்தது. அவர் குழாயை மெதுவாக வெளியே இழுத்தார்.

சதையை எடுத்துச் சோதித்தார்கள். மெலனோமா என்று வந்தது. "தோல்ல வர்ற புத்துநோயுங்க இது. மூக்குக்குள்ள வர்றது ரொம்ப அபூர்வம். வேகமாப் பரவுமுங்க. உடனே கோயமுத்தூர் போயிருங்க" என்றார்.

"பஞ்சாலயா சார்?" என்று கூட வந்திருந்த கணவர் கேட்டார்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்டித் தீர்க்க அந்தப் பஞ்சாவது கிடைத்திருக்கக் கூடாதா?

ஆபரேஷன் ஆயிற்று, கதிர்வீச்சும் ஆயிற்று. தீய்ந்த நாற்றம் போனது. இடது மூக்கில் வாசனை தெரிவதும் அதோடு மொத்தமாகப் போனது. "திரும்பி வந்தா வேகமா வருமுங்க. கறுப்பா எது பாத்தாலும் அன்னிக்கே வந்திருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் இப்போது பேக்கிங்கில் இருக்கிறேன், முகத்தில் மாஸ்க்கோடு. ஆனால் கட்டிங்கில் பறக்கும் பஞ்சு கணவரின் சட்டையில் தொற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

நேற்று அவர் கறுப்பு வெட்டிவிட்டு வந்தார். அவர் சட்டையை வாங்கி ஊறப்போட்டபோது தும்மினேன். கைக்குட்டையில் கறுப்பு. அவரிடம் நீட்டினேன். 'பஞ்சுதாம்ட்டி' என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. கைக்குட்டையை வாங்கி நாற்காலி முதுகில் விரித்துப் போட்டார், ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். அது காயட்டும் என்று ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம். காய்ந்த பிறகும், எடுத்து உதற இருவருக்கும் கை வரவில்லை.