மூச்சு இழுத்தால் ஏலம் முடிந்தது

"நான் ஆரம்பிச்ச ஏலம் இன்னொருத்தன் வாயில முடிஞ்சதா சரித்திரமே கிடையாது. இனிமேலும் இருக்காது. வேணும்னா கல்லுல வெட்டி வச்சுக்குங்க."

கல்லில் வெட்ட யாரும் முன்வரவில்லை. ஆனாலும் உருளைக்கிழங்கு ஏலக்கூடத்தில் இதைக் கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சொன்னவர் முதல் வரிசை ஏலக்காரர். கூடத்தில் அவருக்கு இன்ஜின் என்று பெயர். அந்தப் பெயரை யாரும் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார், மற்றவர்கள் மறுக்கவில்லை.

கூடத்தின் சட்டம் எளிமையானது. ஏலக்காரர் ஒரே மூச்சில் விலையை ஏற்றிக்கொண்டே போவார். வாங்குகிறவர்கள் விரலை உயர்த்திப் பிடித்திருப்பார்கள், விலை கட்டாதபோது இறக்கிவிடுவார்கள். ஒற்றை விரல் மிஞ்சினால் மணி அடித்து முடிப்பார். அதற்குள் ஏலக்காரர் மூச்சை உள்ளே இழுத்துவிட்டால் அந்த விலையிலேயே ஏலம் முடிந்தது, எத்தனை விரல் நின்றாலும் முதலில் உயர்த்தியவருக்குச் சரக்கு. ஏலக்காரர்கள் தங்களுக்கு வேண்டியவர்களைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்று ஒரு காலத்தில் புகார் எழுந்ததாம். மனிதனை நம்ப முடியாது, அவனுடைய நுரையீரலை நம்பலாம் என்று ஏலக்கூடச் சங்கம் அப்போது தீர்மானம் போட்டது. உலகத்தில் உருப்படியாகப் போடப்பட்ட தீர்மானங்களில் அதுவும் ஒன்று.

இன்ஜின் ஒரே மூச்சில் அறுபது விலை சொல்வார். பக்கத்து வரிசை ஏலக்காரருக்கு முப்பத்தைந்துக்கு மேல் போகாது. அந்த ஆளுக்குக் கொட்டாவி என்று பெயர் வைத்தது இன்ஜின்தான். கொட்டாவி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். டீ குடிப்பதில் மட்டும் அவருக்கு மூச்சு நிறைய உண்டு.

ஐம்பத்திரண்டாவது வயதில் இன்ஜினுக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. முதலில் அதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டார். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தபோது, அவமானப்பட நேரமில்லை. பிழைத்து வீடு திரும்பினார். வைரஸ் போய்விட்டது. வறட்டு இருமல் மட்டும், வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப் போல, நாலு மாதமாகியும் காலி செய்யவில்லை. மாடிப்படியில் ஏழாவது படியில் நின்று சுவரில் உள்ள விரிசலை ஆராய்ச்சி செய்யும் பழக்கமும் வந்தது.

நுரையீரல் டாக்டரம்மா முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"செருப்புல ஒட்டுப் பட்டை இருக்குமே, அதைப் பிரிச்சா வருமே ஒரு சத்தம், அதுமாதிரி கேக்குது" என்றார். பிறகு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கீழ்ப்பகுதியில் சிலந்தி பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள். "வைரஸ் போயிடுச்சு. அது புண்ணாக்கின இடத்துல தழும்பு நின்னுபோச்சு. கையில தழும்பு இருந்தா அதுபாட்டுக்கு இருக்கும். நுரையீரல்ல தழும்பு விழுந்த இடம் விறைச்சுப்போயிடும், விரிஞ்சு கொடுக்காது."

"எப்ப சரியாகும் டாக்டர்?"

"கொஞ்சம் தேறும். மிச்சம் அப்படியேதான் இருக்கும். மேல பரவுதான்னு அப்பப்ப பார்க்கணும். மூச்சுப் பயிற்சி செய்யுங்க, நடங்க, தூசியில நிக்காதீங்க. என்ன வேலை பார்க்கறீங்க?"

"பேசற வேலை" என்றார் இன்ஜின்.

பொய் இல்லை. நாளுக்கு இரண்டாயிரம் மூட்டை தூக்கிப் போடப்படும், மண் புகைபோல எழும் கூடத்தில் நின்று பேசுகிற வேலை என்பதை மட்டும் அவர் விளக்கவில்லை. மேடைப் பேச்சாளர் போலிருக்கிறது என்று டாக்டரம்மாவும் நினைத்து, வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

பயிற்சிக்கு மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுத்தார்கள். குழாயில் மூச்சை இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக எழும்ப வேண்டும். சமையலறை மேசையில் இன்ஜின் இழுக்க, எதிரே காய் நறுக்கிக்கொண்டு மனைவி பார்வையாளராக உட்கார்ந்திருப்பார்.

"ஏங்க, ரெண்டாவது பந்து எட்டிப் பார்த்துட்டு உட்கார்ந்துடுச்சு."

"அது கொஞ்சம் வெயிட்டான பந்து."

"மூணும் ஒரே மாதிரிதான் இருக்கு. மூணாவது உங்களை இன்னும் நேர்ல பார்த்ததே இல்ல."

அவர் இருமினார். மனைவி கத்தியைக் கீழே வைத்தார்.

"சங்கத்துல சொல்லிடுங்களேன். டோக்கன் கொடுக்கற ஜன்னல்ல உட்கார வைப்பாங்க. கண்ணாடி போட்ட அறை, தூசி வராது."

"டோக்கன் கிழிக்கவா? நான் இன்ஜின்டி."

"இன்ஜினையும்தான் ஷெட்டுல விடறாங்க."

அடுத்த வாரம் அவர் வேலைக்குத் திரும்பினார். ஸ்கேன் படத்தை அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார். சங்கத்துக்குத் தெரிந்தால் மேடை போய்விடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருஷமாக ஏறி நின்ற மேடை அது, மொத்தம் மூன்று படி. இப்போது ஒவ்வொரு படியிலும் நின்று யாருக்காவது வணக்கம் சொல்லிக்கொண்டே ஏறினார். இன்ஜினுக்குப் பணிவு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் திரும்பி வந்ததில் வாங்குகிறவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அறுபது விலை சொன்ன மனிதர் இப்போது இருபதில் மூச்சு இழுத்தார். பத்துப் பதினைந்து விரல்கள் நிற்கும்போதே ஏலம் முடிந்தது. முதல் வரிசையில் இடம் பிடிக்கப் போட்டி வந்தது. யார் முதலில் விரல் உயர்த்துவது என்பதில் இரண்டு பேருக்குச் சட்டை கிழிந்தது. சிப்ஸ் கம்பெனிக்காரர் பிளாஸ்கில் வெந்நீரோடு வர ஆரம்பித்தார்.

"உடம்பைப் பார்த்துக்குங்கண்ணே. ரொம்ப இழுத்துப் பிடிக்காதீங்க. எங்களுக்கு நீங்க முக்கியம்."

இவ்வளவு பாசத்தை இன்ஜின் தன் உறவுக்காரர்களிடம்கூடக் கண்டதில்லை. கண் கலங்கிவிட்டார்.

ஒருநாள் விலை சொல்லும்போது இருமல் வந்துவிட்டது. இருமலும் மூச்சுதான், ஏலம் முடிந்தது என்றார் சிப்ஸ் கம்பெனிக்காரர். சங்கம் கூடி இரண்டு மணி நேரம் விவாதித்து, இருமல் வெளியே போகும் மூச்சு என்பதால் கணக்கில் சேராது, இருமி முடித்து உள்ளே இழுப்பதுதான் சேரும் என்று தீர்ப்பு எழுதியது. இருமியவருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி மட்டும் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

விற்கிறவர்கள் சபையில் எதுவும் பேசவில்லை. எந்த மூட்டை எந்த வரிசைக்கு என்பதை டோக்கன்தான் தீர்மானிக்கும். முதல் வரிசை விழுந்தவர்கள் முகம், தேர்வில் தோற்ற பிள்ளையின் முகமாக மாறியது. இன்ஜின் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காமல் இருப்பதில் தேர்ச்சி பெற்றிருந்தார்.

ஒரு காலையில் உருளை பயிர் செய்யும் பெண் ஒருத்தி, நாற்பது மூட்டையோடு வந்தவள், மேடையருகில் டோக்கனைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, இதைப் பக்கத்து வரிசைக்கு மாத்தித் தர முடியுமா?"

"ஏம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. அந்தப் பக்கம் கொஞ்சம் நிழலா இருக்கு."

இரண்டு வரிசையும் ஒரே தகரக் கூரைக்குக் கீழேதான் இருந்தன. அவர் கூரையைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். பிறகு இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"டோக்கனை மாத்த முடியாதும்மா."

"சரிண்ணே. மூணு மாசம் பாடுபட்டு வளர்த்த சரக்கு, அதான் கேட்டேன்" என்று சொல்லி, அவள் தன் மூட்டைகளின் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மண் ஒட்டாத, ஒரே அளவான கிழங்கு. இருபத்திரண்டு விரல்கள் எழுந்தன. இன்ஜின் மேடையில் நின்று நெஞ்சு கொண்டமட்டும் இழுத்தார். அடியில் எங்கோ அது முட்டி நின்றது. "நானூறு, நானூத்தி அஞ்சு, நானூத்திப் பத்து..." பத்தாவது விலையில் குரல் மெலிந்தது. பதினைந்தாவதில் காது அடைத்தது. பதினெட்டு. விரல்களில் ஒன்றுகூட இறங்கவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக அவர் வாங்குகிறவர்களின் கண்களைப் பார்த்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவருடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்போது ஏறும் என்று.

பத்தொன்பது. நுரையீரலில் எதுவும் மிச்சமில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டார். இழுக்கவில்லை. பக்கத்து வரிசையில் இரண்டு ஏலங்களுக்கு நடுவே கொட்டாவி டீ கிளாஸோடு நின்றிருந்தார். இன்ஜின் மேடையின் ஓரத்துக்கு இரண்டு எட்டு வைத்து, கைமணியை அவர்முன் நீட்டினார்.

கொட்டாவிக்குப் புரியச் சற்று நேரமானது. இன்ஜினின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கிளாஸைக் கீழே போட்டுவிட்டு மணியைப் பிடித்து, "நானூத்தித் தொண்ணூத்தஞ்சு, ஐநூறு" என்று கொட்டாவி தொடங்கிய பிறகுதான், இன்ஜின் கிழிந்த துருத்திபோல் சத்தத்தோடு காற்றை உள்ளே இழுத்தார்.

"மூச்சு இழுத்துட்டாரு" என்றார் சிப்ஸ் கம்பெனிக்காரர்.

"மணி யார் கையிலயோ அவரு மூச்சுதான் மூச்சு" என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. கடைசி ஒற்றை விரலுக்குக் கொட்டாவி மணி அடித்தபோது, அந்தப் பெண் கையிலிருந்த டோக்கனை மெல்ல நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

கொட்டாவி மேடையேறி வந்து மணியைத் திருப்பி நீட்டினார்.

"இந்தாங்கண்ணே. அடுத்தது உங்களோடது."

மேடையில் கிடந்த மூட்டைமேல் உட்கார்ந்திருந்த இன்ஜின் மணியை வாங்கிக்கொண்டார். பிறகு, பேச மூச்சு இன்னும் வராததால், பக்கத்து மூட்டையைக் கையால் இரண்டு தரம் தட்டிக் காட்டினார்.

கொட்டாவி அதில் உட்கார்ந்துகொண்டார்.