லைப்ரரி தவறினால் குரல் போகும்

ஒருவர் எழுதிய நிரலை ஊரார் கணினியில் ஓட வைப்பதுதான் என் தொழில். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது, மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

மூன்றும் ஒரே குடும்பம்

வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் சாஃப்ட்வேர் செய்கிறோம். குரலை எழுப்பும் பகுதி ஒரு கணினி மொழியில் இருக்கிறது. எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி பைத்தான் என்ற இன்னொரு மொழியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்குப் பெயர் பில்டு. அதைச் செய்வது நான், மேலப்பாளையம் ரஹ்மத்.

கட்டும்போது பில்டு முதலில் பைத்தானைத் தேடும். நிரலைப் படித்து நடத்துகிற இன்டர்பிரட்டர், அது துணைக்கு எடுத்துக்கொள்ளும் தயார் நிரல்களான லைப்ரரி, லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று சொல்லும் ஹெட்டர் கோப்புகள், இந்த மூன்றும் வேண்டும். மூன்றும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். உடன் வேலை செய்யும் இசக்கி ஏதோ சோதித்துப் பார்க்கப் பைத்தானின் புதுப் பதிப்பு ஒன்றை அந்தக் கணினியில் ஏற்றியிருந்தான். பில்டு இன்டர்பிரட்டரைப் பழைய இடத்திலும் லைப்ரரியைப் புது இடத்திலும் கண்டுபிடித்து, எல்லாம் சரி என்று பச்சைக் கொடி காட்டிவிட்டது. ஓட்டினால் வாயைத் திறக்காமல் செத்துப்போகிறது. காலையில் இருந்து தேடி, மத்தியானச் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் பிடித்தோம். இசக்கி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "எக்கா, இன்டர்பிரட்டர் ஆளைக் கண்டுபிடிச்சா போதாது, உன் லைப்ரரி இருக்க வீடு எதுன்னு அவன்கிட்டயே கேட்டிருக்கணும்."

நாங்குநேரியில் இருந்து ஒரு போன்

இது எங்கள் அலுவலகத்துக்குள் நடந்தது. சாப்பாட்டோடு போயிற்று. அடுத்தது வெளியே நடந்தது.

சுடலைமுத்து அண்ணாச்சிக்கு நாற்பது வயதிருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லை. நாங்குநேரிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சு வேலை கிடைத்திருந்தது. சோதனைக் காலம் முடிந்தால்தான் நிரந்தரம். எங்கள் சாஃப்ட்வேரை நம்பித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் பத்தரை மணி வாக்கில் போன் செய்தார். குரல் ரொம்பவும் தாழ்ந்திருந்தது. கணினி பேசவில்லை என்றார். அணைத்துப் போடச் சொன்னேன், போட்டார். மறுபடி ஏற்றச் சொன்னேன். "அதுக்கு யாராவது திரையைப் பாத்துச் சொல்லணுமே" என்றார். பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுங்கள் என்றேன். குரலை இன்னும் தாழ்த்தினார். பிறகு சொன்னார்: "இங்கன யாருக்கும் இன்னும் தெரியாதும்மா. முடிஞ்சா நீங்களே வாங்க."

காதில் ஹெட்போன்

பஸ் பிடித்துப் போனேன். சங்கத்தின் கூடத்தில் நாலைந்து மேசைகள். கடைசி மேசையில் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சரியாகிவிட்டது போல என்று நினைத்து, பக்கத்தில் போய்ப் பேர் சொன்னேன். "சத்தம் இன்னும் வரலம்மா. கழட்டினா கேப்பாங்கன்னு மாட்டியிருக்கேன். பைய பேசுங்க" என்றார். காலையில் இருந்து அவர் காதில் ஒன்றுமே விழவில்லை. விரல்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

கணினியைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. முந்தின நாள் யாரோ வந்து, நிலப்படம் பார்க்கும் வேறொரு சாஃப்ட்வேரை அதில் ஏற்றியிருக்கிறார்கள். அது தன் வசதிக்காக, 'பைத்தான் லைப்ரரி இங்கேதான் இருக்கிறது' என்று கணினிக்கே பொதுவாக ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் சாஃப்ட்வேர் எழுந்திருக்கும்போது அப்படி ஒரு குறிப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கும். இருந்தது, நம்பிப் போயிற்று. போன இடத்தில் வேறு பதிப்பு. அங்கேயே விழுந்துவிட்டது. அந்தக் குறிப்பை அழித்தால் நிலப்படம் ஓடாது. ஆகவே எங்களுடையது மட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் எழுந்திருக்கிற மாதிரி ஒரு சின்ன வழி செய்து கொடுத்தேன்.

குரல் வந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் முதல் வேலையாகக் காலையில் தட்டச்சு செய்ததைத் திறந்து வாசிக்க விட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கிக் கொடுத்தார். விசைப்பலகை ஆங்கிலத்துக்கு மாறியிருந்திருக்கிறது. மாறினால் சொல்லவேண்டிய குரலோ இல்லை. இரண்டு பக்கக் கடிதமும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழுந்திருந்தன. அது ஒவ்வொரு எழுத்தாக வாசித்தது. நிறுத்துங்கள் அண்ணாச்சி என்றேன். நிறுத்தாமல் கடைசி வரை கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இதைச் செயலாளர் பாத்துட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

செயலாளர்

அந்த வழியாகப் போனபோது திரையில் பார்த்திருந்தார். அந்தக் கடிதத்தை வேறொருவரிடம் கொடுத்து அடித்தும் வாங்கிவிட்டார். எதுவும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. தப்பு அண்ணாச்சியுடையது இல்லை, எங்களுடையது என்று எவ்வளவோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மேசை விளிம்பைப் பார்த்தபடி அவர் சொன்ன பதில் இது: "ஆளு தங்கமானவருதாம்மா. ஆனா இப்படி நாளு இன்னும் எத்தன வரும்னு நான் யாருகிட்ட கேக்க?"

செத்தாலும் சொல்லிவிட்டு

திரும்பி வந்து எங்கள் முதலாளி நெல்லையப்பன் சாரிடம் விவரம் சொன்னேன். புதுப் பதிப்பு வெளியிடும் அவசரத்தில் இருந்தார். அங்கேதான் சரியாகிவிட்டதே, அடுத்த வேலையைப் பார் என்றார். திருச்செந்தூரில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் ஒரு பெண், குலசேகரன்பட்டினத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் என்று இதே சாஃப்ட்வேரோடு நிறையப் பேர் இருக்கிறார்கள். நாளைக்கு யார் கணினியில் யார் எதை ஏற்றுவார்களோ. நான் மூன்று கேட்டேன். இனி வாடிக்கையாளர் கணினியில் பைத்தானைத் தேடவே கூடாது. நம்முடையதை லைப்ரரியோடு நாமே கட்டி அனுப்ப வேண்டும். இங்கே கட்டும்போதும் மூன்றும் ஒரே பதிப்பு இல்லை என்றால் பில்டு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அப்புறம், எதுவுமே ஓடாமல் போனாலும், முன்பே பதிவு செய்த ஒரு மனிதக் குரல் 'என்னால் பேச முடியவில்லை' என்று அறிவித்துவிட்டு நிற்க வேண்டும்.

சார் நாள்கணக்குப் பேசினார். வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். நான் அந்தக் கூடத்தில் பார்த்ததை முதலில் இருந்து மறுபடி சொன்னேன். கடைசி மேசை வந்ததும் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். "சத்தம் வராமலே ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரா? சரிம்மா, வெளியீடு தள்ளிப் போகட்டும். நான் பேசிக்கிடுதேன்."

மறுபடி வந்தார்கள்

புதிதாகக் கட்டியதை நானே நாங்குநேரிக்குக் கொண்டுபோய் ஏற்றினேன். அடுத்து வந்த வாரங்களில் செயலாளர் அண்ணாச்சிக்குச் சின்னச் சின்னக் கடிதங்கள்தான் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். எனக்குத் தூக்கம் சரியில்லை. குரல் திரும்பி வந்தது, நம்பிக்கையும் அதோடு வந்துவிடுமா?

சோதனைக் காலம் முடிந்து அண்ணாச்சிக்கு வேலை நிரந்தரம் ஆயிற்று. அதைச் சொல்ல அவர் போன் செய்தபோது நான் அழுதுவிட்டேன், அவர் சிரித்தார். பெரிய கடிதங்களும் இப்போது அவரிடம்தான் வருகின்றனவாம். கணினி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "போன வாரம் அந்த நிலப்படக்காரனுவ திரும்ப வந்து எதையோ ஏத்திட்டுப் போனானுவ. மறுநா முழுக்க எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கம்ப்யூட்டருதாம்மா ஒண்ணும் நடக்காத மாதிரி பேசிக்கிட்டே இருக்கு."

ஆக, ஒழுங்காக நடந்தால் நடந்ததே யாருக்கும் தெரியாத ஒரு காரியத்துக்கு நானும் என்னைப் போன்றவர்களும் மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.