தூரமா என்று மட்டும் கேட்கும் வீடு

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவரிடம் ‘எங்கே?’ என்று கேட்கமாட்டோம். கேட்டால் போகிற காரியம் தடைப்படும், போனவர் திரும்புவதில் சிக்கல் வரும் என்று ஒரு பயம். கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ‘தூரமா?’ என்று கேட்போம். என் மனைவி உயிரோடு இருந்தவரை அவளும் அப்படித்தான் கேட்பாள். கியாக்தான் என்ற ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் சரி, தெருமுனைக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் சரி, ‘தூரமா?’ என்ற ஒரு சொல்தான்.

மகள் ஜப்பானுக்கு வேலைக்குப் போன அன்று விமான நிலைய வாசலில் எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. “தூரமாம்மா?” என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். “ஆமாப்பா. கொஞ்சம் தூரந்தான்” என்றாள்.

அவள் போன பிறகு ரங்கூனில், போட்டாதாங் பகுதியில், மூன்றாவது மாடி வீட்டில் நான் ஒருவன்தான். கடைகளுக்குத் துணிப்பை தைத்துக் கொடுப்பது என் வேலை. காலால் மிதிக்கும் தையல் மெஷின் என்பதால் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ரங்கூனில் மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். கீழ்முனையில் ஒரு கிளிப், மேல்முனையில் ஒரு சின்ன மணி. கீழே இருப்பவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். காலையில் மொஹிங்கா விற்கிற பெண் என் பச்சைக் கயிற்றை இழுப்பாள். நான் பையை இறக்குவேன், அவள் மீன்குழம்பு நூடுல்ஸ் பொட்டலத்தை அதில் வைப்பாள். காய்கறியும் அப்படியே மேலே வந்துவிடும். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் நாள் கழிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்கமாட்டேன்.

மகள் வேலை பார்ப்பது பனிமலை அடிவாரத்தில் ஒரு விடுதியில். படுக்கை விரிப்பது, சமையலறையில் உதவுவது. டிசம்பர் தொடக்கத்தில் இன்னும் விருந்தாளிகள் வந்திருக்கவில்லை. மலைமேல் விடுதிக்குச் சொந்தமான ஒரு சின்னக் குடில் இருக்கிறதாம். பருவம் தொடங்குவதற்கு முன் அதைத் திறந்து, அடுப்பைப் பார்த்து, போர்வைகளை வைத்துவிட்டு வர வேண்டும். உரிமையாளரின் மகன், அவரிடம் நெடுநாள் வேலை பார்க்கும் ஒருவர், என் மகள், மூன்று பேர் போவதென்று ஏற்பாடு. போவதாக அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“பனி அவ்வளவா விழலையேம்மா? போட்டோவுல புல்லுகூடத் தெரியுதே” என்றேன் போனில்.

“அதுதான்பா மோசம். கொஞ்சமா இருக்கறப்பதான் ஏமாத்தும்.”

உரிமையாளரின் மகனிடம் அவள் கற்றுக்கொண்டதை எனக்குச் சொன்னாள். முதல் பனி லேசாக விழுந்து நிற்கும். அடுத்து வானம் தெளிந்து கடுங்குளிர் அடிக்கும் நாட்களில் அந்த மெல்லிய பனி ஒட்டாமல் சர்க்கரை மாதிரி பொலபொலவென்று ஆகிவிடும். அதன்மேல் புதுப்பனி கனமாக விழும். காற்று வேறு ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு வந்து மறுபக்கச் சரிவில் சேர்த்து வைக்கும். பார்க்க வெள்ளை வெளேரென்று கெட்டியாக இருக்கும். மேலே ஒரு ஆள் கால் வைத்தால் அடியில் இருக்கும் சர்க்கரை நழுவும். மேலே உள்ளது பலகையாக உடைந்து மொத்தமாக இறங்கிவிடும். பனி ஆழமில்லாததால் அடியில் இருக்கும் பாறையும் மரக்கட்டையும் ஆளைச் சும்மா விடாது.

அன்று மாலை எவர்சில்வர் தட்டில் சர்க்கரையைப் பரப்பி, அதன்மேல் மைதா மாவைக் கொட்டி, கையால் மெல்ல அழுத்தினேன். தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. விரலால் ஒரு இடத்தில் தொட்டேன். மாவு விரிசல் விட்டு, ஒரு துண்டாக, சத்தமே இல்லாமல் என் மடியில் வந்து விழுந்தது. நான் தொட்ட இடம் ஒன்று, உடைந்த இடம் வேறு. எழுந்து தட்டைக் கழுவவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் சமையலறை முழுக்க எறும்பு.

மலைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் மறுபடி கூப்பிட்டாள்.

“அப்பா, மலையேறுற ஒவ்வொருத்தருக்கும் கீழே ஒரு ஆள் வேணுமாம். எந்த வழியா போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும். நேரத்துக்கு நாங்க வரலைன்னா அவங்க போன் பண்ணிச் சொல்லணும். உனக்குக் கீழே யாரு இருக்கான்னு கேட்டாங்க.”

“யாரைச் சொன்னே?”

“யாரு இருக்கா எனக்கு? உங்களைத்தான் சொன்னேன். ‘உங்கப்பா ரொம்பவே கீழேதான் இருக்கார்’னு சிரிச்சாங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எனக்கு அந்த பாஷை தெரியாதேம்மா. நான் யார்கிட்ட என்னான்னு சொல்றது?”

“அதான் என் குரல்லயே பேசி அனுப்பப்போறேன். மலையடிவார ஊர்ல உரிமையாளர் வீட்டு நம்பர் தரேன். நீங்க கூப்பிட்டு, போன்கிட்ட வெச்சு அதை ஓடவிட்டாப் போதும். இன்னார் இன்னும் திரும்பலை, இந்த வழியா போனாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும். இப்ப வழியைச் சொல்றேன், கேட்டுக்குங்க. மொதல்ல ஓடைக்கு வலது பக்கமா…”

“நல்ல வார்த்தை பேசும்மா. போறதுக்கு முன்னாடியே திரும்பலை, வரலைன்னு என்ன பேச்சு? வழியெல்லாம் நான் கேக்கலை.”

“இது நல்ல வார்த்தைதான்பா.”

“சரி, சரி. பத்திரமா போயிட்டு வா.”

குரல் செய்தி வந்து சேர்ந்தது. எழுத்தில் தொலைபேசி எண்ணும் வந்தது. எண்ணைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தேன். குரல் செய்தியைத் தொடவில்லை. என் மகள் திரும்பவில்லை என்று என் மகளின் வாயாலேயே கேட்க எனக்குத் துணிவில்லை. புரியாத பாஷைதான், ஆனாலும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் நேரம் நான்கு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ரங்கூனில் அது மதியம் ஒன்றரை. இறங்கியதும் செய்தி அனுப்புவதாகப் பேச்சு. அரை மணி பார்த்துவிட்டு நான் கூப்பிட வேண்டும். அங்கே அப்போது இருட்டத் தொடங்கியிருக்கும்.

பதினோரு மணிக்கே கரண்ட் போனது. இங்கே எல்லாரும் அதை ‘மீ’ என்பார்கள். மீ போனால் சிறிது நேரத்தில் டவரும் ஓய்ந்துவிடும். பேசலாம், ஆனால் இன்டர்நெட் நகராது. நான் பை தைத்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, பிரித்து, மறுபடி அதையே தலைகீழாகத் தைத்தேன்.

ஒன்றரை ஆனது. இரண்டும் ஆனது. செய்தி இல்லை. இன்டர்நெட் இல்லாததால் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதற்கும் தயாராக இருக்கலாம் என்று குரல் செய்தியைத் தொட்டேன். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் புரிந்தது, தொட்டுக் கேட்டால்தான் அது போனுக்குள் இறங்கும். நான் இரண்டு நாளும் தொடவே இல்லை. என்னிடம் அது இல்லை.

பால்கனியில் நின்று போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். வட்டம் சுற்றியது. கீழே தெருவில் டீக்கடை ஜெனரேட்டர் உறுமுகிற சத்தம் கேட்டது. அங்கே வைஃபை உண்டு. பல வருடமாக அந்தக் கடைக்கு நேர்மேலே குடியிருக்கிறேன். கயிறு வழியாக டீ வாங்கியிருக்கிறேன். உள்ளே போய் உட்கார்ந்ததில்லை.

காலண்டரைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன்.

கடைக்கார அம்மாள் பர்மியப் பெண், என் வயதுதான் இருக்கும். பர்மியப் பேச்சில் மூத்த பெண்ணை ‘அமா’ என்பார்கள். நான் “அமா…” என்று தொடங்கிவிட்டு நின்றுவிட்டேன். எல்லா மேசையிலும் ஆட்கள்.

“ஊலே, உட்காருங்க” என்றாள். ஊலே என்றால் மாமா, சித்தப்பா என்கிற மாதிரி. “எந்த வீடு நீங்க?”

கையை மேலே காட்டினேன்.

“அட, பச்சைக் கயிறா!” என்று பக்கத்து மேசைக்காரர் சத்தம் போட்டார். “கயிறுதான் எங்களுக்குப் பழக்கம். அதுக்கு ஆளு இருக்கறது இப்பதான் தெரியுது!”

கடையே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் அப்படியே திரும்பி மாடியேறியிருப்பேன். “என் மகள் மலைக்குப் போயிருக்கா, இன்னும் வரலை” என்று பர்மிய மொழியில் சொன்னேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சிரிப்பு நின்றது.

அந்த அம்மாள் என் போனை வாங்கித் தானே வைஃபையில் இணைத்துக் கொடுத்தாள். டிங் டிங் என்று செய்திகள் வந்தன. துணிக்கடைக்காரர் நீலத்துணி தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார். யாரோ பூப்படம் அனுப்பியிருந்தார்கள். மகளிடமிருந்து எதுவும் இல்லை. அதுவரை இன்டர்நெட்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். இனி அதற்கும் வழியில்லை. குரல் செய்தி மட்டும் இறங்கி முடிந்தது.

“எந்த நாட்டு நம்பர்?” என்று கேட்டாள். சொன்னேன். “என் போன்ல கூப்பிடுங்க. என் பையன் மலேசியாவுல இருக்கான், வெளிநாட்டுக்குப் பேச பேலன்ஸ் எப்பவும் வெச்சிருப்பேன்.” காலண்டரைப் பார்த்து அவளே எண்களை அழுத்தினாள்.

மறுமுனையில் ஒரு வயதான பெண்குரல். நான் ஒன்றும் சொல்லாமல் என் போனைக் கடைக்கார அம்மாளின் போனோடு ஒட்டி வைத்து ஓடவிட்டேன்.

என் மகள் பேசினாள். நிதானமாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி. இந்த பாஷையை அவள் இதே தெருவில் வகுப்புக்குப் போய்ப் படித்தவள். சாயங்காலங்களில் வீட்டுக்கு நடுவே கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். அந்தச் சத்தங்கள் எனக்குப் பழக்கம், அர்த்தம் தெரியாது. நடுவில் அவள் பெயர் வந்தது, ரங்கூன் என்று ஒரு முறை வந்தது. கடைசியில் தமிழ்.

“அப்பா, அவ்வளவுதான். இப்ப அவங்க பேசுவாங்க. புரியலைன்னாலும் போனை வெச்சிடாதீங்க. வெச்சிடுவீங்க நீங்க, எனக்குத் தெரியும்.”

அந்த வயதான அம்மாள் பேசினாள். நீளமாக ஏதோ சொல்லிவிட்டு, ஒரே சொல்லை மூன்று முறை சொன்னாள். பிறகு நிறுத்திவிட்டாள். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவள் பக்கம் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. என் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். இடையில் ஒருமுறை அவள் பெருமூச்சு விட்டாள். யாரோ என் முன் டீ வைத்தார்கள். அது ஆறி ஏடு படிந்தது.

“பேலன்ஸ்…” என்றேன் கடைக்கார அம்மாளைப் பார்த்து.

“வைக்காதீங்க ஊலே, போனா போகட்டும்.”

ஒருமுறை கண்ணை மூடினேன். எவர்சில்வர் தட்டு தெரிந்ததால் திறந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் பத்திரிகையை மடக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் கதவு திறந்தது. நாற்காலி நகர்ந்தது. அந்த அம்மாள் உரக்க என்னவோ திட்டினாள், அழுகிற மாதிரித் திட்டினாள். ஆண்குரல்கள், பூட்ஸ் சத்தம். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “அப்பா? வெக்காம இருக்கீங்களா?”

“இருக்கேம்மா” என்றேன்.

மாலை, மீ வந்த பிறகு, சாவகாசமாகச் சொன்னாள். ஏறும்போது தொந்தரவில்லை. திறந்த சரிவைக் கடக்கும்போது ஒவ்வொருவராகத்தான் போனார்கள். ஒருவர் கடப்பதை மற்ற இருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புதைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும் கருவி ஆளுக்கொன்று நெஞ்சோடு கட்டியிருந்தது. முதுகுப்பையில் மண்வெட்டி. நடுப்பகலில் காற்று எழுந்து அதே சரிவில் பனியைக் கொண்டுவந்து குவித்துவிட்டது. திரும்பும்போது முன்னால் போனவர் சரிவின் ஓரத்தில் கால் வைத்ததும் காலடியில் ‘தொம்’ என்று ஒரு சத்தம், அவர் எதிரே கோடு கிழித்த மாதிரி ஒரு விரிசல். உடனே பின்வாங்கிவிட்டார். வந்த வழி வேண்டாம், மலைமுகடு ஏறி மரங்களுக்குள் சுற்றிப் போகலாம், இருட்டினாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தார்கள். அங்கே சிக்னல் கிடையாது.

“பொறுத்து வந்ததாலதான் லேட்டு. அவசரப்பட்டிருந்தா நேரத்துக்கு வந்திருப்போம்பா, இல்லைன்னா வந்தே இருக்கமாட்டோம்.”

அந்த வயதான அம்மாள் மூன்று முறை சொன்ன சொல்லை நினைவிலிருந்து திருப்பிச் சொல்லி, என்ன என்று கேட்டேன்.

“‘காத்திருங்க’ன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாதுப்பா அப்ப. முன்னால போனவர் அவங்க மகன்.”

நான் போனைப் பிடித்துக்கொண்டு பால்கனியில் நின்றேன். பிறகு கேட்டேன். “சுத்தி வந்தோம்னியே, எங்கே? எந்தப் பக்கமா?”

“அப்பா! எங்கேன்னு கேட்டுட்டீங்க!”

“கேட்டுட்டேன். சொல்லு.”

குளிர்காலம் முடிவதற்குள் அவள் இன்னும் சில முறை அந்தக் குடிலுக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் வழி மாறும், நேரம் மாறும். அதனால் புதிதாகப் பேசி அனுப்புவாள். வந்தவுடன் மெஷினை நிறுத்திவிட்டு, தொட்டு, முழுவதும் கேட்பேன். என் மகள் திரும்பவில்லை என்று என் மகள் எனக்குப் புரியாத பாஷையில் சொல்வாள். அறையில் வேறு யாரும் இல்லை. கேட்டு முடித்ததும் அவளைக் கூப்பிட்டு, எங்கே, எந்தச் சரிவு, காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன்.

அவள் இறங்க வேண்டிய நேரத்துக்கு முன்பே படியிறங்கி டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். “பச்சைக் கயிறு வந்தாச்சு” என்பார் அந்த மேசைக்காரர். கடைக்கார அம்மாள் கேட்காமலே டீயையும் தன் போனையும் கொண்டுவந்து என் முன் வைப்பாள்.