பேமிலி ரூம் திரைக்கு இந்தப் பக்கம்

அந்தத் திரைத்துணி வாசம் இன்னும் என் மூக்குலயே இருக்கு. பச்சைத் துணியில பூப்போட்டது... பாதி குருமாக் கறை, மீதி மழை ஈரம். ஏற்காட்டுல ஆடி மாசம் எந்தத் துணி காஞ்சுது? அதைத் தள்ளிக்கிட்டு உள்ள போனா விறகுப் புகை கண்ணக் கரிக்கும்.

அதுக்குப் பேரு பேமிலி ரூம். ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்புல பாய் கடைன்னா அன்னிக்கு எல்லாருக்கும் தெரியும்.

நம்ம காலேஜ் குரூப்ல யாரோ "ஏற்காட்டுல சாப்பிட நல்ல எடம் சொல்லுங்கப்பா"ன்னு கேட்டீங்க. ஆளாளுக்கு கஃபே, லேக் வியூன்னு லிங்க்கா போட்டுத் தள்ளுனீங்க. எனக்கு இந்தத் திரைதான் ஞாபகம் வந்துச்சு. என்ன பண்ண?

எண்பதுகள்ல, சேலத்துல காலேஜ் முடிச்ச கையோட, அங்க ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா சேந்தேன். தனியா ஒரு ரூம் எடுத்துத் தங்குனேன். ஊட்டுக்காரம்மா வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க, ரூம்ல ஸ்டவ் பத்த வெக்கக் கூடாதுன்னு. அதனால மத்தியானச் சோத்துக்கு ஓட்டல்தான் கதி.

ஓட்டலுக்கா பஞ்சம்! சேலத்துக் காலேஜ் பசங்க பஸ்ஸை விட்டு எறங்குனதும் பரோட்டாக் கடைக்கு ஓடுவானுங்க. பிராந்திக்கடை பக்கம் முட்டை பொரிக்கிற வாசம் ரோடு பூரா வரும். அந்தப் பக்கம் நாம திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது...

பாய் கடையில ஆம்பளைங்க முன்னால, வாசலோர பெஞ்சுல. பொம்பளைங்கன்னா திரைக்கு உள்ள. அதுவும் தனியா வந்த பொம்பளைன்னா பார்சல் வாங்கிட்டுப் போறதுதான் வழக்கம். ஆபீஸ்ல பார்சலப் பிரிச்சுச் சாப்பிட எடமில்ல, அதனால நான் உள்ள உக்காந்துக்குவேன். உக்காந்ததும் என்னைய எல்லாரும் மறந்துருவாங்க. முன்னால ஜீப் டிரைவருங்க ரெண்டாவது தடவ சோறு வாங்கி முடிச்சப்புறம்தான் எனக்கு எலையே வரும்.

ஆபீஸ்ல சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். தெனமும் லேட்டு. ஆபீஸ்ல எங்களுக்கு மேல இருந்த ரைட்டர், கணக்கு பாக்குறவரு, பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, இனி ஒரு நாள் லேட்டா வந்தா வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குவேன்னு சொல்லிட்டாரு.

வேலை போச்சுன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். எங்கப்பா அடுத்த பஸ்லயே ஏறி வந்து கூட்டிட்டுப் போயி, மாமன் பையனுக்குக் கட்டி வெச்சுருவாரு. அதுக்கா நான் மலை ஏறி வந்தேன்?

மறுநாள் நேரா போயி வாசலோர பெஞ்சுல உக்காந்துட்டேன். மடியில ஹேண்ட்பேக், கையில கொடை. கடையே திரும்பிப் பாத்துச்சு. பாய் வந்து பதமாத்தான் சொன்னாரு, நல்ல மனுசன்.

"ஏனுங்க அம்மணி, உள்ள காலியாத்தான இருக்குது?"

"இங்கயே போடுங்க பாய்."

பொம்பளப் புள்ளைய முன்னால உக்கார வெச்சா ஊரு தன்னையத்தான் கேக்கும்னாரு. வேணும்னா பார்சல் கட்டித் தர்றேன்னாரு. நான் அசையல. அவரும் எலை போடல. நேரமாச்சு, வெறும் வயித்தோட எந்திரிச்சு ஆபீசுக்குப் போயிட்டேன். அன்னிக்கு லேட்டாகல... ஆனா டைப் அடிக்கிறப்ப அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு.

அடுத்த நாளும் அதே பெஞ்சு. அன்னிக்கும் அதே பதில். மூணாம் நாளும் போனேன். நானும் விடுறதா இல்ல.

அன்னிக்கு அடுப்படியில இருந்து பாயம்மா வந்தாங்க. பாயோட சம்சாரம். அந்தக் கடைச் சமையல் மொத்தமும் அவங்க கைதான், ஆனா வியாபார நேரத்துல அவங்க முகத்த யாரும் பாத்ததில்ல. முக்காட்ட இழுத்துச் செருகிக்கிட்டு, ஒரு கையில எலை, ஒரு கையில சோத்துச் சட்டி. நேரா வந்து என் முன்னால எலையப் போட்டாங்க.

"ரெண்டு நாளா பட்டினியா போகுது இந்தப் புள்ள. நான் ஆக்குன சோறு அதுக்குக் கெடைக்கல, எனக்கு எறங்கல." பாயப் பாத்துச் சொன்னாங்க, சத்தமே போடாம.

பாய் அவரே குருமா வாளியத் தூக்கிட்டு வந்து ஊத்துனாரு. அன்னிக்குச் சாப்பிட்ட மாதிரி வேற எங்கயும் சாப்பிட்டதில்லைங்க.

அதுக்கப்புறம் அது என் எடம் ஆயிடுச்சு. ஜீப் டிரைவருங்களே நான் வந்தா நகந்து உக்காருவாங்க. வேலையும் நெலைச்சுச்சு, கல்யாணமும் நான் சொன்ன நேரத்துலதான் நடந்துச்சு.

ஆனா எழுத வந்தது அது இல்ல.

ஒரு நாள் நல்ல மழை. கடையில ஈ, காக்கா இல்ல. நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். பாயம்மா தன்னோட தட்ட எடுத்துக்கிட்டு வந்து நின்னாங்க. உக்காரட்டுமான்னு வாயால கேக்கல. நான் பெஞ்சுல நகந்து எடம் விட்டேன். ரெண்டு பேரும் ரோட்டப் பாத்த மாதிரி பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிட்டோம். சேலம் பஸ் ஒண்ணு வெளிச்சம் போட்டுக்கிட்டு பனிக்குள்ள இருந்து வந்து நின்னுச்சு. ஆளுங்க கொடைய விரிச்சுக்கிட்டு எறங்குனாங்க. பாயம்மா கை சோத்துலயே நின்னுபோச்சு.

"நொம்ப நல்லாருக்குது கண்ணு. கல்யாணம் ஆன நாளா இந்தக் கடையிலதான் இருக்குறேன். ரோட்ட இங்க உக்காந்து இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அந்த பஸ் கெளம்பிப் போற வரைக்கும் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தோம்.

போன மாசம் ஏற்காடு போயிருந்தேன். பாய் கடை இருந்த எடத்துல இப்ப பெரிய கண்ணாடி போட்ட ஒரு கஃபே. பாயும் இல்ல, பாயம்மாவும் இல்ல. நம்ம பொண்ணுங்க வயசுல ஒரு பொண்ணு, தனியா, சேர் மேல கால மடிச்சுப் போட்டு உக்காந்து நூடுல்ஸ் சாப்பிடுது. ஒருத்தர் திரும்பிப் பாக்கல. மனசு நெறஞ்சுபோச்சு எனக்கு.

வாசலோரமா ஒரு சோபா இருந்துச்சு, அதுல உக்காந்தேன். ஆர்டர் எடுக்க வந்தவரு என் நரைச்ச தலையப் பாத்திருப்பாரு போல, மரியாதையா சொன்னாரு.

"மேடம், உள்ள பேமிலி சீட்டிங் இருக்குங்க. வசதியா இருக்கும்."

"இங்கயே போடுங்க," அப்படின்னேன்.

சொல்லிட்டு, யாரும் வரப்போறதில்லைன்னு தெரிஞ்சும், சோபாவுல கொஞ்சம் நகந்து உக்காந்துக்கிட்டேன்...