பேஸ்பாலுக்குக் கூட்டிப்போன தனசேகரன் அண்ணாச்சி

செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. வியாழக்கிழமை காலை, துபாய் ஜெபல் அலியில் எங்கள் கிடங்கின் இரண்டாவது வாசலருகே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் 'தனசேகரன் அண்ணாச்சி' என்று பெயர் வந்தது. நான் திறக்கவில்லை. அவரிடமிருந்து நாளொன்றுக்கு ஆறேழு செய்திகள் வரும். எல்லாம் பேஸ்பால். ஊருக்கு விடுப்பில் போன இடத்திலும் அந்த மனிதர் ஓயவில்லை என்று அலுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன். பத்தரை மணித் தேநீரின்போதுதான் திறந்தேன். அவர் மகன் எழுதியிருந்தான்: "அப்பா இன்று அதிகாலை மாரடைப்பில் காலமானார். அப்பா போனில் உள்ள எல்லோருக்கும் தெரிவிக்கிறேன்."

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை துபாய் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர் அவர். எந்த இடத்துக்கும் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நின்று, நம்மையும் நிற்க வைத்து உயிரை வாங்கியவர். இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போவது அவர் வகுத்த எந்த விதியிலும் இல்லை.

விதிகள் என்று நான் சும்மா சொல்லவில்லை என்பது அவருடைய பேஸ்பால் வாட்ஸ்அப் குழுவில் இருந்த உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தனசேகரன் சாத்தூர்க்காரர். எங்கள் கிடங்கில் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் போடாதவனையும் தீயணைப்பான் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்குபவனையும் தேடிப் பிடிப்பதே அவர் உத்தியோகம். முன்பு ஓமானில் சோஹார் துறைமுகத்தில் வேலை செய்தபோது, கிரேன் ஓட்டிய ஒரு பிலிப்பைன்ஸ்காரர் அவருக்கு பேஸ்பால் பைத்தியத்தைப் பிடிக்க வைத்துவிட்டார். பல வருடம் அதைத் திரையில் மட்டுமே பார்த்து ஏங்கியவர், துபாயிலேயே சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் வந்து ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சும்மா இருப்பாரா? நான்கு பக்கத்தில் ஒரு கையேடு தயாரித்தார். தலைப்பு: 'பேஸ்பால் ஆட்டம் பார்க்கச் செல்வோர் கவனத்திற்கு.' ஒவ்வொரு வரிக்கும் எண். கிடங்கின் பாதுகாப்புக் கையேட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே கிடையாது. தொழுகை அறை பக்கத்து அறிவிப்புப் பலகையில்கூட ஒட்டியிருந்தார். மேலாளர் பார்த்துக் கிழித்தார். மறுநாள் மீண்டும் ஒட்டினார்.

அவரோடு முதன்முதலாகப் போன ஆட்டம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. ஒரு மணிக்கே என் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தார். என் மனைவி சுதா அப்போதுதான் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையில் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். மைதானத்துக் காவலாளி வாசலிலேயே நிறுத்தினார். "பாய், பானி அந்தர் மாஃபி", தண்ணீர் உள்ளே கூடாது என்று பாட்டிலைப் பிடுங்கித் தொட்டியில் போட்டார். நான் திரும்பினேன். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ரெண்டாம் பக்கம், நாலாவது வரி. படிக்கலையா தம்பி?"

"படிச்சேன் அண்ணாச்சி. மறந்துட்டேன்."

"மறக்கக் கூடாதுன்னுதான எழுதுறது?"

உள்ளே போனால் நாங்களும் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற ஆட்களும் மட்டுமே இருந்தோம். ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆட்டக்காரர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்க்காதவன் ஆட்டம் பார்த்தவனே அல்ல என்பது முதல் பக்கம் மூன்றாவது வரி.

நான் திருச்சியில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "எத்தனை ரன்?" என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் "ஒண்ணும் இல்ல" என்றார். ஒரு மணி நேரம் போயும் ஒன்றும் இல்லை. ஆள் ஆளாக வந்தார்கள், மட்டையைச் சுழற்றினார்கள், ஓடித் தொட வேண்டிய 'பேஸ்' என்ற வெள்ளைத் திண்டை எட்டாமலே திரும்பிப் போனார்கள். இதைப் பார்க்கவா சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு வந்தோம் என்று நான் கேட்டுவிட்டேன். அவர் மடியில் இருந்த பலகையில் கட்டம் கட்டமாக ஒரு தாள். யார் வந்தான், பந்தை எங்கே அடித்தான், யார் பிடித்தான் என்று ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே பதில் சொன்னார்: "இங்க அவுட் ஆகிறதுதான் வழக்கம் தம்பி. பத்துத் தடவையில மூணு தடவை அடிச்சான்னா அவன் பெரிய ஆளு. மிச்ச ஏழு தடவையும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரும்பி நடக்கணும். அந்த நடையைப் பாருங்க. ரன்னைப் பாக்காதீங்க."

நடையைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பசித்தது.

கடைசி ஆள் அவுட் ஆகும்வரை எழுந்திருக்கவும் கூடாது. ஒருமுறை எதிரணி ஒன்பது ரன் முன்னால் இருந்தது. பாதி மைதானம் காலியாகிவிட்டது. குழுவிலிருந்து எங்களோடு வந்த எட்டுப் பேரும் என்னைக் கண்ணால் கெஞ்சினார்கள். "போலாம் அண்ணாச்சி, இனிமே என்ன ஆகப் போகுது?" என்றேன். "உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? இருங்க" என்றார். இருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது ரன் வித்தியாசத்திலேயே தோற்றார்கள். அவர் மட்டும் திருப்தியாகப் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "முழுசாப் பாத்தோம்ல" என்றார். அன்று திரும்பும்போது யாரும் அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இனி அண்ணாச்சியின் கை விஷயம். இதைக் குழுவில் பலர் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நடந்தது இதுதான். சென்ற வருடச் சீசனில் ஒரு சனிக்கிழமை சுதாவும் வந்திருந்தாள். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் பெரிய வலை கட்டியிருப்பார்கள். பந்து தவறிப் பார்வையாளர் மேல் பாயாமல் இருக்க அது காவல். வலைக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும் என்பது கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்த ஒரே வரி. வலை இருந்தால் போட்டோ சரியாக வராது என்று சுதா சொன்னாள். நானும் அன்று அவருடைய விதிகளால் நொந்து போயிருந்தேன். வலை முடிந்த பிறகு இருந்த வரிசையில் போய் உட்கார்ந்தோம்.

"தம்பி, இங்க வாங்க."

"பரவாயில்ல அண்ணாச்சி. நாங்க இங்கயே இருக்கோம்."

"சொன்னா கேளுங்க. அங்க பந்து வரும்."

"வந்தா பிடிச்சுக்கிறேன். நான் கிரிக்கெட் ஆடினவன்."

கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகையையும் பையையும் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி வந்து சுதாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். தம் விதியை அவர் மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; மூன்றாவதில் அது நடந்தது. மட்டை விளிம்பில் பட்ட பந்து நேரே எங்களை நோக்கி வந்தது. நான் பிடிக்கவில்லை. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. சுதா குனிந்து கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு முன்னால் ஒரு கை நீண்டது. காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

முதலுதவி அறையில் வலது மணிக்கட்டு பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. சுதா அழுதுகொண்டே இருந்தாள். அவர் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"அந்த ஆள் அப்புறம் என்ன ஆனான்?"

"எந்த ஆள் அண்ணாச்சி?"

"அடிச்ச ஆளுய்யா. அவுட்டா, இல்ல பேஸுக்குப் போனானா? கட்டம் காலியா கெடக்கு."

அந்த நிமிடம் அவரை அடிக்கலாம் போல இருந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் காலையும் மாலையும் அவரை நான்தான் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தேன். என் வண்டியின் டயர் காற்று, நான் திரும்பும்போது விளக்குப் போடாதது, ஷேக் சயீத் சாலையில் முன்வண்டிக்கு விட வேண்டிய இடைவெளி என்று ஒன்று விடாமல் குறை சொன்னார். ஆனால் வலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் ஆரம்பிப்பார், அதற்குத் தகுந்த பதிலாக மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தினமும் காத்திருந்தேன். அவர் ஆரம்பிக்கவே இல்லை. நானும் கேட்கவே இல்லை.

அந்த ஆறு வாரத்தில் ஆட்டத் தாளை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "நாலாவது கட்டத்துல கோடு, தம்பி. அங்க இல்ல. மேல." கட்டுப் பிரித்த பிறகும் "இன்னும் வலிக்குது" என்று பென்சிலை என் பக்கமே தள்ளினார். சனிக்கிழமை வலித்த அதே கை திங்கட்கிழமை ஏணியைப் பிடித்து ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "அது வேற வலி" என்பார்.

இந்த வருடம் கம்பெனி அவருக்கு விடுப்புக் கொடுத்தது இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால். தேதியை மாற்றக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. விமான நிலையத்தில் இறக்கிவிடும்போது என் கையில் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்தார். "நீங்க போய்ப் பாத்து எழுதி அனுப்புங்க. கம்ப்யூட்டர்ல வர்றது எனக்கு வேண்டாம். நீங்க பாத்ததா இருக்கணும்." சரி என்றேன். சனிக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. கைப்பேசியில் முடிவை மட்டும் பார்த்து, அதற்குத் தோதாக ஒன்பது இன்னிங்ஸையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே இட்டுக்கட்டி நிரப்பினேன். படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, ஆறாவது இன்னிங்ஸ்ல நாலு பேர அவுட் ஆக்கியிருக்கீங்க."

ஓர் அணிக்கு ஓர் இன்னிங்ஸில் மூன்று பேர்தான் அவுட் ஆக முடியும்.

"நீங்க போகலையில்ல?"

"இல்ல அண்ணாச்சி."

சிரித்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. "சரி, வந்து பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அதுதான் கடைசியாகப் பேசியது.

அவர் இறந்து இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி கற்பகம் அக்கா அழைத்தார்கள். அவர்களிடம் நான் அதற்கு முன் பேசியதில்லை. ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவர்களே கேட்டார்கள்.

"தம்பி, இவர் பெட்டியில உங்க பேர் எழுதின ஒரு தாள் இருக்கு. கட்டம் கட்டமா இருக்கு. லீவுல வந்ததுல இருந்து தினம் சாயங்காலம் போன்ல ஏதோ ஓட விட்டுப் பாத்துக்கிட்டு, அதுல சிவப்புப் பேனாவால எழுதிக்கிட்டே இருந்தாரு. கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வரல. ஆபீஸ் காகிதமா? அனுப்பணுமா?"

ஆபீஸ் காகிதம் இல்லை, பேஸ்பால் என்றேன். பெருமூச்சு விட்டார்கள்.

"இருபது வருஷமா இதைத்தான் பேசினாரு. ஆரம்பிச்சார்னா போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பாத்திரம் கழுவப் போயிருவேன். அப்படி என்னதான் தம்பி இருக்கு அதுல? நீங்க சொல்லுங்க, கேக்குறேன்."

சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது. எத்தனை ரன் என்று நான்கு முறை கேட்டார்கள். ஓடாமல் பேஸில் நிற்பவன் எதற்கு நிற்கிறான் என்று கேட்டார்கள். ஒரு கட்டத்தில் எனக்குப் பொறுமை போய், "அக்கா, ரன்னை விடுங்க, நான் சொல்றதைக் கேளுங்க" என்று குரலை உயர்த்திவிட்டேன். பதறி மன்னிப்புக் கேட்டேன். "இல்ல தம்பி, சொல்லுங்க. மிச்சத்தையும் சொல்லுங்க" என்றார்கள். அழுதுகொண்டிருந்தார்கள்.

பிறகு அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினார்கள். நான் அனுப்பிய பொய்த் தாள்தான் அது. சாத்தூரில் ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்திருக்கிறார். இறுதி ஆட்டத்தின் பதிவை இணையத்தில் தேடிப் பிடித்து, தினம் கொஞ்சமாகப் பார்த்து, நான் இட்டுக்கட்டிய ஒவ்வொரு கட்டத்தையும் அடித்துவிட்டு உண்மையில் நடந்ததைச் சிவப்பில் எழுதியிருக்கிறார். ஆறாவது இன்னிங்ஸ் முடிய வந்திருக்கிறார். ஏழு, எட்டு, ஒன்பதில் என் பொய்கள் அப்படியே இருக்கின்றன.

தனசேகரன் அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தாள்தான். அதை அச்செடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பதிவு இன்னும் இணையத்தில் இருக்கிறது. நேற்று அலுவலகம் விட்டு வந்ததும் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஏழாவது இன்னிங்ஸை ஓடவிட்டேன். முதலில் வந்தவனை நான் அவுட் என்று எழுதியிருந்தேன். அவன் பந்தை அடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தான்.