குட்டிகளைக் காத்த வலை

மகளின் மீன்தொட்டியைக் கழுவும்போது ஈர வலையிலிருந்து வந்த பாசி வாசனை, பெரிய காஞ்சிபுரத்தில் இன்று செல்போன் கடையாகிவிட்ட செல்வி அக்காவின் வண்ணமீன் கடைக்கு என்னைக் கொண்டுபோனது. தொட்டிகள் ஓயாமல் குமிழிவிடும் அந்த இருட்டுக் கடைக்கு ஒருநாள் பள்ளிச் சீருடையோடு அழுதுகொண்டே ஓடினேன். என் கப்பீஸ் மீன், தான் போட்ட குட்டிகளையே விழுங்கிக்கொண்டிருந்தது.

“அழாதம்மா, அது அப்படித்தான்,” என்ற அக்கா, மீன் பிடிக்கும் சின்ன வலையை நீட்டினாள். “இத்த தொட்டி ஓரமா தண்ணியில தொங்கவுட்டு, குட்டிங்கள உள்ள வுடு. தண்ணி போவும், தாயி வராது.”

வீட்டுக்கு ஓடி, மிச்சமிருந்த குட்டிகளைக் கரண்டியால் அள்ளி வலைக்குள் விட்டேன். தாய் மீன் வெளியிலிருந்து முட்டி முட்டிப் பார்த்துவிட்டு விலகிப்போனது. உள்ளே, கண்ணும் வாலும் மட்டுமாயிருந்த குட்டிகள் நீந்தத் தொடங்கின. எனக்குப் பசிக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.